கிட்னி மாற்றிய பிறகு கொஞ்சம் குடிக்கலாமா?

கேள்வி, மார்ச் 3

டிரான்ஸ்பிளான்ட் முடிந்து ஒரு வருஷம் தாண்டிவிட்டது. கிரியேட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு, ஏறினால் கெட்ட அறிகுறி) 1.2. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரைகளான டாக்ரோலிமஸ், மைக்கோபினலேட், பிரெட்னிசலோன் மூன்றும் போகிறது. பழைய நண்பர்களைப் பார்க்கும்போது ஒரு பீர் குடிக்கலாமா? குடி கெடுப்பது கல்லீரலை, எனக்கு மாற்றியது கிட்னியை. அப்புறம் என்ன பிரச்சினை? மிதமாகக் குடித்தவர்கள் நன்றாக இருந்தார்கள் என்று ஓர் ஆய்வே வந்திருப்பதாகப் படித்தேன். டாக்டரிடம் கேட்கத் தயக்கமாக இருக்கிறது, அதனால் இங்கே கேட்கிறேன்.

மார்ச் 3, இரவு

உங்கள் கேள்வியின் கடைசி வரிதான் என்னைப் பதில் எழுத வைத்தது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் கல்லீரல் கணக்கு.

உங்கள் கிட்னியை உடம்பு தள்ளிவிடாமல் பிடித்து வைத்திருப்பது டாக்ரோலிமஸ். அந்த மருந்தை உடைத்து வெளியேற்றும் வேலை பெரும்பாலும் கல்லீரலில் நடக்கிறது, கொஞ்சம் குடல் சுவரில். ரத்தத்தில் அதன் அளவு (லெவல்) குறைந்தால் ரிஜக்‌ஷன், அதாவது உடம்பு கிட்னியைத் தள்ளிவிடும். கூடினால் அதே மருந்து கிட்னியைக் கெடுக்கும். நடுவில் இருக்கும் இடைவெளி ரொம்பக் குறுகல்: ஒரு மில்லி ரத்தத்தில் சில நானோகிராம் கூடக் குறைய இருந்தாலே டாக்டர் டோஸை மாற்றுவார். ரத்தம் எடுக்கும் நாளில் காலை மாத்திரையைப் போடாமல் வரச் சொல்வது அந்தச் சில நானோகிராமைச் சரியாகப் பிடிப்பதற்குத்தான். ஆகவே கல்லீரல் வேறு, கிட்னி வேறு என்று நமக்குப் பிரித்துப் பேச முடியாது. நம் கிட்னியின் காவல் கல்லீரல் கையில் இருக்கிறது.

என்னைப் பற்றி: எனக்குள் இருப்பது அக்கா கொடுத்த கிட்னி. ஆபரேஷனுக்கு முன்பு, கிட்னி கெடும் முன்பும், நண்பர்களோடு குடித்தவன். இப்போது தொடுவதில்லை. ஆனாலும் உங்களைத் தொடாதே என்று அதட்ட நான் வரவில்லை.

மார்ச் 4

நேரடியான பதில் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். சரி.

காயம் ஆறி, மருந்து லெவல் நிலைத்து, கல்லீரலும் ரத்த அழுத்தமும் ஒழுங்காக இருக்கிறவர்களுக்கு, எப்போதாவது சிறிய அளவு பரவாயில்லை என்று சொல்லும் மருத்துவக் குழுக்கள் உண்டு. வேண்டவே வேண்டாம் என்று சொல்கிறவர்களும் உண்டு. பிரிட்டனின் பொதுச் சுகாதாரத் துறை, கிட்னி மாற்றியவர்களுக்கும் மற்றவர்களுக்குச் சொல்லும் வாராந்தர உச்ச வரம்பையே சொல்கிறது. அந்த வரம்பைத் தாண்டினால் ரத்த அழுத்தம் ஏறும், அது மாற்று கிட்னிக்கு ஆபத்து என்பது அவர்கள் எச்சரிக்கை.

முதல் சில மாதங்கள் வேறு விஷயம். மருந்து லெவல் ஏறி இறங்கும், தொற்று பயம் அதிகம், டோஸ் ஒவ்வொரு விசிட்டிலும் மாறும். அந்தக் காலத்தில் வேண்டாம் என்பதில் பெரிய கருத்து வேறுபாடு கிடையாது.

ஹெபடைடிஸ் பி அல்லது சி இருந்தவர்களுக்கும் நான் மேலே சொன்ன "பரவாயில்லை" பொருந்தாது. டயாலிசிஸ் காலத்திலேயே அந்தத் தொற்று வந்தவர்கள் நம்மில் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு சொட்டும் வேண்டாம்.

மார்ச் 4, மாலை

"ஒரு பீர்" என்பது ஓர் அளவே இல்லை. கணக்கு எளிது: மில்லியைப் பாட்டிலில் போட்டிருக்கும் சதவீதத்தால் பெருக்கி, 100-ஆல் வகுத்து, அதை மறுபடி 0.79-ஆல் பெருக்கினால் கிராமில் ஆல்கஹால் வரும். 330 மில்லி பீர், 5 சதவீதம் என்றால் 13 கிராம். அதே 330 மில்லி ஸ்ட்ராங் பீர், 8 சதவீதம் என்றால் 21 கிராம். 40 சதவீத விஸ்கி 60 மில்லி ஊற்றினால் 19 கிராம். 150 மில்லி ஒயின், 12 சதவீதம், 14 கிராம்.

பிரிட்டனில் ஒரு யூனிட் என்பது 8 கிராம். வாரத்துக்கு 14 யூனிட்டைத் தாண்டக்கூடாது, அதையும் மூன்று நாள் அல்லது அதற்கு மேல் பரப்பிக்கொள்ள வேண்டும் என்பது அவர்கள் வரம்பு. அமெரிக்காவில் ஒரு டிரிங்க் என்றாலே 14 கிராம். ஒரு நாட்டு எண்ணை இன்னொரு நாட்டு அளவோடு சேர்த்துப் படித்தால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு தப்பாகப் போகும். டாக்டரிடம் சொல்லும்போது என்ன பானம், எத்தனை மில்லி, எத்தனை சதவீதம் என்று சொல்லுங்கள்.

மார்ச் 6

நேற்று முழுக்க இதே யோசனை. கிராம் கணக்கெல்லாம் எழுதிவிட்டேன், ஆனால் என் கண்ணில் பெரிய ஆபத்தாகத் தெரிவதை இன்னும் எழுதவில்லை. அது இரவு மாத்திரை, காலையும் இரவும் என்று இரண்டு வேளை போடும் டாக்ரோலிமஸின் இரவு வேளை.

என்னோடு ஏறக்குறைய ஒரே சமயத்தில் மாற்றிக்கொண்டவர் ஒருவர். வயதில் மூத்தவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். ஒரு நாள் சாயங்காலம் வேலையிடத்து நண்பர்களோடு உட்கார்ந்திருக்கிறார். இரண்டு ரவுண்டு. ஒன்பது மணிக்குப் போன் அலாரம் அடித்திருக்கிறது. அணைத்துவிட்டு, பேச்சு முடிந்ததும் போடலாம் என்று இருந்திருக்கிறார். காலையில் எழுந்து பார்த்தால் மாத்திரை சட்டைப் பையிலேயே இருக்கிறது, அட்டை கசங்கி, கேப்ஸ்யூல் ஒன்று நசுங்கிப் பொடி வெளியே வந்தபடி.

அவருடைய கெட்ட நேரம், அன்றைக்குத்தான் ரத்தப் பரிசோதனை. பன்னிரண்டு மணி நேரத்து லெவல் பார்க்க வேண்டிய இடத்தில், முந்தின நாள் காலை மாத்திரைக்குப் பிறகு இருபத்து நான்கு மணி நேரமாக மருந்தே போகாத ரத்தம் போயிற்று. லெவல் குறைவாக வந்தது. டாக்டர் கேட்டார், "மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா?" இவர் "ஆமாம் சார்" என்றார். டாக்டர் என்ன செய்வார்? டோஸைக் கூட்டினார்.

அடுத்த முறை அவரைப் பார்த்தபோது தண்ணீர் டம்ளரைப் பிடிக்கக்கூடக் கை நிற்கவில்லை. டாக்ரோலிமஸ் அதிகமானால் முதலில் காட்டிக்கொடுப்பது கைதான். லெவல் மேலே, கிரியேட்டினினும் மேலே. அப்புறம்தான் டாக்டரிடம் உண்மையைச் சொன்னார். டோஸ் பழையபடி இறங்கியது, கிரியேட்டினினும் இறங்கியது. அவருக்குச் சரியாகிவிட்டது.

அந்த ஒரு மாலையில் ஆல்கஹால் நேரடியாகக் கிட்னியைத் தொட்டுச் செய்த கெடுதல் மிகக் கொஞ்சமாகத்தான் இருந்திருக்கும். தவறிய மாத்திரையும் சொல்லாத வார்த்தையும் சேர்ந்துதான் அவரை அந்த இடத்துக்குக் கொண்டுபோயின.

மார்ச் 6, இரவு

மேலே எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர், "அப்போ மாத்திரையைப் போட்டுவிட்டுக் குடித்தால் சரியா?" என்று கேட்கிறார். அப்படிச் சொல்ல வரவில்லை. குடித்தபின் வாந்தி வந்தால் போட்ட மாத்திரையும் போய்விடும். எவ்வளவு உடம்பில் சேர்ந்தது என்று யாருக்கும் தெரியாது. தானாக முடிவெடுத்து இரட்டை டோஸ் போடக்கூடாது. குழுவுக்குப் போன் செய்து கேட்க வேண்டும், அதுவும் ஏன் வாந்தி வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லி.

வயிற்றுப்போக்கு வந்தால் டாக்ரோலிமஸ் லெவல் ஏறும். பலர் நம்ப மாட்டார்கள், வெளியே போகிறதே, குறையத்தானே வேண்டும் என்பார்கள். குடல் சுவர் தன் பங்குக்கு உடைக்கும் மருந்தை அப்போது ஒழுங்காக உடைக்க முடிவதில்லை, அதனால் அதிகம் உள்ளே போய்விடுகிறது.

மார்ச் 7

ஒரு நாளைக்கு ஒரு வேளை மட்டும் போடும் டாக்ரோலிமஸ் (மெதுவாகக் கரையும் வகை) எடுப்பவர்கள் கவனிக்க. அந்த மாத்திரைகளோடு வரும் குறிப்புத் தாளிலேயே மது வேண்டாம் என்று போட்டிருக்கிறது. காரணம் கல்லீரலே இல்லை. ஆல்கஹால் பட்டால் மருந்து மெதுவாக வெளிவருவதற்கான அமைப்பு குலைந்து, மருந்து சீக்கிரமே வெளியே வரக்கூடும். இரண்டு வேளை போடுகிற நண்பர் குடித்துவிட்டு நன்றாக இருக்கிறாரே என்று பார்த்து நீங்கள் முடிவெடுக்க வேண்டாம். மருந்தின் பெயர் ஒன்றுதான், மாத்திரை வேறு.

மார்ச் 9

இனி அந்த ஆய்வு. நீங்கள் படித்தது நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரத்து ஆய்வாகத்தான் இருக்கும், 2011-இல் வந்தது. கிட்னி மாற்றிய 600 பேரைப் பார்த்தார்கள். நாளுக்கு 10 முதல் 30 கிராம் வரை குடித்தவர்களிடம் மாற்றுக்குப் பின் வரும் சர்க்கரை நோயும் குறைவு, இறப்பும் குறைவு. கண்டுபிடித்தது உண்மை. அதை எப்படிப் படிக்கிறோம் என்பதில்தான் எனக்குத் தயக்கம்.

குடிக்காதவர்கள் என்ற கூட்டத்தில் யார் யார் இருப்பார்கள்? என்றுமே தொடாதவர்கள் இருப்பார்கள். உடம்பு முடியாமல் நிறுத்தியவர்களும் இருப்பார்கள். கல்லீரல் சரியில்லை என்று டாக்டர் தடுத்தவர்கள், சர்க்கரை ஏறியதால் விட்டவர்கள், சாப்பாடே இறங்காதவர்கள். இந்தப் பக்கம் மிதமாகக் குடிப்பவர் என்றால் வெளியே போகத் தெம்பு இருக்கிறவர், டாக்டர் தடுக்காதவர். இரண்டு கூட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் இரண்டாவது நன்றாக இருப்பதில் வியப்பில்லை. மது அவர்களை நன்றாக வைத்ததா, நன்றாக இருந்ததால் மது எடுக்க முடிந்ததா என்பதை இந்த வகை ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கப் பதிவேட்டில் இருந்த கிட்னி மாற்றியவர்களை வைத்து 2007-இல் வந்த ஓர் ஆய்வில், மாற்றுக்கு முன்பே மதுவுக்கு அடிமையானவர்கள் என்று பதிவானவர்களுக்குக் கிட்னி இழப்பும் இறப்பும் அதிகமாக இருந்தன. அது உங்களைப் பற்றியது இல்லை. ஆனால் முதல் ஆய்வைக் காட்டுகிறவர்கள் இரண்டாவதைக் காட்டுவதே இல்லை.

மார்ச் 9, சற்றுப் பிறகு

ஒன்றைச் சேர்க்க வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில், பாதுகாப்பான அளவு என்று மதுவில் எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டது. முக்கியக் காரணம் புற்றுநோய். புற்றுநோய் ஆய்வுக்கான பன்னாட்டு முகமை மதுபானங்களை 1988-லேயே முதல் பிரிவில், அதாவது மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்ற பிரிவில் சேர்த்துவிட்டது. அதே பிரிவில் இன்னும் இரண்டு பெயர்கள் உண்டு: அசதியோபிரின், சைக்ளோஸ்போரின். நம்மில் பலர் தினமும் போடுவது. மருந்தை நிறுத்த முடியாது, அது இல்லாமல் கிட்னி இல்லை. ஏற்கனவே சுமக்க வேண்டிய ஒன்றைச் சுமக்கிறோம், அதன் மேல் இன்னொன்றை ஏற்றுவதா என்று யோசித்துத்தான் நான் விட்டேன். வெயிலில் தொப்பி போடாமல் போவதில்லை, புகை பிடிப்பதில்லை, அதே வரிசையில் இதுவும்.

மார்ச் 11

மறுநாள் காலைத் தலைவலியைப் பற்றி யாருமே எழுதவில்லை. குடித்த மறுநாள் தலை வலித்தால் கை தானாகப் போவது வலி மாத்திரைக்கு. ஐபுப்ரோபென், டைக்ளோபினாக் மாதிரியானவை நமக்கு ஆகாது. டாக்ரோலிமஸ் ஏற்கனவே கிட்னிக்குப் போகும் ரத்தக் குழாயைச் சுருக்குகிறது, இந்த மாத்திரைகள் அந்தச் சுருக்கத்தை ஈடுகட்டும் வழியையும் அடைக்கின்றன. இதில் மது சிறுநீரை அதிகமாக்கி உடம்பிலிருந்து தண்ணீரை இழுத்திருக்கும். தண்ணீர் வற்றிய உடம்பு, சுருங்கிய குழாய், மேலே ஒரு வலி மாத்திரை. கிரியேட்டினின் ஏற இதற்கு மேல் என்ன வேண்டும்? பாரசிட்டமால் எடுக்கலாமே என்றால், அதிகம் குடித்திருந்தால் அது கல்லீரலுக்குச் சுமை. என்ன எடுக்கலாம் என்று குழுவிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரை உள்ளவர்களுக்கு: பிரெட்னிசலோனும் டாக்ரோலிமஸும் சேர்ந்து நம்மில் பலருக்குச் சர்க்கரையைக் கொண்டுவந்திருக்கின்றன. இன்சுலின் போட்டுக்கொண்டோ, கிளிமிபிரைடு போன்ற மாத்திரை போட்டுக்கொண்டோ வெறும் வயிற்றில் குடித்தால் தூக்கத்தில் சர்க்கரை விழும், ஏனென்றால் அவசரத்துக்குச் சர்க்கரை தயாரித்துத் தரும் கல்லீரல் அப்போது ஆல்கஹாலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும். பக்கத்தில் இருப்பவர் போதையில் தூங்குகிறார் என்று விட்டுவிடுவார். இது எனக்கு உண்மையிலேயே பயமான விஷயம்.

யூரிக் அமிலமும் உண்டு. சைக்ளோஸ்போரின் அதை ஏற்றும், பீரும் ஏற்றும். கால் பெருவிரல் வீங்கிச் சிவந்தால் யூரிக் அமிலத்தைக் குறைக்க யாரோ அலோபியூரினால் மாத்திரை எழுதிக் கொடுப்பார்கள். அசதியோபிரின் போடுகிறவர் அதை அப்படியே சேர்த்துப் போட்டால் ரத்த அணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறையும். சொல்லாமல் எந்த மருந்தையும் சேர்க்காதீர்கள்.

மார்ச் 12

"கொடுத்தவருடைய மனசை ஒரு நிமிஷம் நினைத்தீர்களா" என்று இங்கே ஒருவர் கேள்வி கேட்டவரிடம் கோபப்பட்டிருக்கிறார். அவரும் தன் மகனுக்குக் கொடுத்தவர் என்று எழுதியிருக்கிறார், அதனால் அந்தக் கோபத்தை மதிக்கிறேன். ஆனால் என் அனுபவத்தைச் சொல்ல வேண்டும்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த புதிதில், எனக்கு ரொம்ப வேண்டிய ஒருவர் ஒவ்வொரு முறையும் "அக்கா கொடுத்ததை மறந்துவிடாதே" என்பார். நல்லெண்ணம்தான். அதன் பலன் என்னவென்றால், கொஞ்சம் காய்ச்சல் வந்தால்கூட வீட்டில் சொல்லப் பயந்தேன். என் கவனக்குறைவால் வந்ததோ, அக்காவுக்குத் தெரிந்தால் என்ன நினைப்பாள் என்று. நம் காய்ச்சலை ஒரு ராத்திரி மறைத்தால் என்ன ஆகும் என்று இங்கே இருக்கிற எல்லாருக்கும் தெரியும்.

அக்காவிடமே ஒரு நாள் கேட்டேன், நான் திரும்பக் குடித்தால் உனக்கு எப்படி இருக்கும் என்று. "கொடுத்தாச்சுடா, இனி அது உன்னோடது. கஷ்டமா இருக்கும், இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஆனா எங்கிட்ட மறைச்சா அதைவிடக் கஷ்டமா இருக்கும்" என்றாள். அப்புறம் சிரித்துக்கொண்டே, "வாடகை கேக்க மாட்டேன், மாசா மாசம் ரிப்போர்ட் மட்டும் காட்டு" என்றாள். இன்றைக்கும் ரிப்போர்ட் வந்ததும் முதல் போட்டோ அவளுக்குத்தான் போகிறது.

மார்ச் 14

தினமும் குடித்துப் பழகியவர் வீட்டில் இருந்தால் கீழே உள்ளதைப் படியுங்கள். ஒருவர் தனிச் செய்தியில் கேட்டார், பெயர் சொல்லாமல் பொதுவில் எழுதலாம் என்று அனுமதி கொடுத்தார். அவருடைய கணவர் மாற்றுக்குப் பிறகு மெல்ல மெல்லத் தினக் குடிக்குப் போய்விட்டார், "நாளையிலிருந்து ஒரேயடியாக நிறுத்தச் சொல்லப் போகிறேன்" என்றார்.

தினமும் அதிகமாகக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் நடுக்கம், குழப்பம், வலிப்புகூட வரலாம். இது யாருக்கும் பொது. நம்மைப் போன்றவர்களுக்கு டாக்ரோலிமஸ் ரத்தத்தில் மெக்னீசியத்தைக் குறைக்கும், குடியும் அதையே செய்யும். டாக்ரோலிமஸாலேயே வலிப்பு வருவதும் உண்டு. ஆகவே நிறுத்துவது டாக்டர் கண்காணிப்பில்தான் நடக்க வேண்டும். நிறுத்தச் சொல்லும் முன் ஆஸ்பத்திரியில் பேசுங்கள் என்று அவரிடம் சொன்னேன்.

டாக்டருக்குத் தெரியாமல் சமாளிக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு: பாஸ்பாடிடைல் எத்தனால் என்று ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. முந்தைய இரண்டு, மூன்று வாரத்துக் குடியைக் காட்டிவிடும். ஆனால் அதைக் காட்டிப் பயமுறுத்துவதில் எனக்கு விருப்பமில்லை. சொல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று பாருங்கள்: கல்லீரல் என்சைம் ஏறியிருக்கிறது. டாக்டர் அசதியோபிரினைச் சந்தேகப்படுவார், வைரஸைத் தேடுவார், நன்றாக வேலை செய்யும் மருந்தை மாற்றுவார். எல்லாம் நீங்கள் ஒரு வரி சொல்லாததால்.

மார்ச் 15

முதலில் கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார்: நேற்று டாக்டரிடம் கேட்டுவிட்டாராம். டாக்டர் முகம் சுளிக்கவில்லையாம், எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை, இரவு மாத்திரை எத்தனை மணிக்கு என்று கேட்டுக் குறித்துக்கொண்டாராம். ரத்த அழுத்தம் இன்னும் அடங்கவில்லை, அடுத்த மூன்று மாதம் வேண்டாம், அப்புறம் பேசுவோம் என்றாராம். எனக்கு ரொம்ப சந்தோஷம்.

மாத்திரை நேரத்தைக் குறித்துக்கொண்டார் பாருங்கள், அந்த டாக்டரை விட்டுவிடாதீர்கள்.

மார்ச் 17

சேர்ந்துபோன சின்னக் கேள்விகள், ஒரே மூச்சில்.

ஆல்கஹால் இல்லாத பீர் என்று விற்பதில் 0.5 சதவீதம் வரை இருக்கலாம். அது பெரும்பாலானவர்களுக்குப் பொருட்டில்லை, ஆனால் குடியை விட முயல்கிறவருக்கு அந்தச் சுவையே ஆபத்து. வாய் கொப்பளிக்கும் திரவத்தில் இருக்கும் ஆல்கஹாலைத் துப்பிவிடுகிறீர்கள், கவலை வேண்டாம். சைக்ளோஸ்போரின் கேப்ஸ்யூலிலேயே கொஞ்சம் ஆல்கஹால் கரைப்பானாக உண்டு, அதைப் பார்த்துப் பயந்து மாத்திரையை நிறுத்தாதீர்கள். வீட்டில் புளிக்கவைத்த, பாஸ்டரைஸ் செய்யாத பானம் எதுவும் வேண்டாம், அங்கே பயம் கிருமிதான்.

கலந்து குடிக்கும் ஜூஸ் பற்றி ஒருவர் கேட்டது நல்ல கேள்வி. கிரேப்ஃப்ரூட், பம்பளிமாஸ் இரண்டும் ஆல்கஹால் இல்லாமலே டாக்ரோலிமஸ் லெவலை ஏற்றிவிடும், ஒரு டம்ளரே போதும். ஆரஞ்சு ஜூஸில் பொட்டாசியம் உண்டு, டாக்ரோலிமஸும் பொட்டாசியத்தை ஏற்றும், உங்கள் ரிப்போர்ட்டில் 5-க்கு மேல் இருந்தால் தள்ளி வையுங்கள்.

டாக்ரோலிமஸ் களிம்பு தோலுக்குப் பூசுகிறவர்கள் யாராவது இருந்தால்: மது குடித்ததும் முகம் சிவந்து சுடுவது அந்தக் களிம்பால் வரும், அலர்ஜி என்று ஓட வேண்டாம். மாத்திரை போடுகிற நமக்கு அப்படிச் சிவந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.